கூரை திறந்த சீமைக் காரும் வண்டலூர்க் கைவண்ணமும்

“அரிய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்; நல்ல நிலையில் உள்ளது; விற்பனைக்கு” என்னும் பொருள்பட இம்மும்பை மாநகரில் அவ்வப்போது விளம்பரங்கள் வெளிவருவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அதனைப் படிப்பவர் பலர். விலை கேட்பவர் சிலர். அக்காரின் வரலாற்றை வினவுபவரோ மிகச் சிலர். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலை மாலை மின்சார ரயிலில் நெருக்குண்டு செல்லும் நம்மனோர்க்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுவே. அச்சீமைக் காரின் வரலாற்றில் ஒரு பகுதி, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் குர்லா, பாண்டுப் ஆகிய நிலையங்களின் அருகே நிகழ்ந்தது. மற்றொரு பகுதி, நம் தாயகத்தில், தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் நம் தொழிலாளரின் கைகளால் நிகழ்ந்தது. தம் கை பட்ட பொருளின் கதையைத் தாமே அறியாதிருத்தல் ஒரு சமுதாயத்திற்கு அழகன்று. ஆதலின் இம்மலரில் அதனைச் சுருங்க எடுத்துரைக்க விழைகிறோம்.

பெயரும் பொருளும்

‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதனைப் பந்தயக் கார் என்றே நம்மவர் எழுதிவிடுகின்றனர். அது முழுப் பொருத்தம் உடையதன்று. பந்தயக் கார் பந்தயத் திடலில் மட்டுமே ஓடுவது. ஸ்போர்ட்ஸ் காரோ, வார நாட்களில் அலுவலகத்திற்கும் ஞாயிறன்று பந்தயத் திடலுக்கும் உரியவராலேயே ஓட்டிச் செல்லத்தக்கது. இருவர் அமரும் இடம், தாழ்ந்த உடல், குறைந்த எடை, விரைந்து திரும்பும் ஆற்றல் ஆகியவை அதன் இலக்கணம். எடை குறைந்தால் சிறிய என்ஜினே போதும்; என்ஜின் சிறிதானால் விலையும் குறையும். இக்கணக்கை நன்குணர்ந்தே பிரிட்டிஷ் தொழிலதிபர்கள் கூரையை நீக்கிக் கித்தான் மூடியோடு நிறுத்திக்கொண்டனர். மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்பெற்ற ஒரு நாடு கூரையில்லாக் கார்களுக்கும் பெயர்பெற்றது வியப்பேயாம்.

திறந்த காரிலும் இரு வகை உண்டு. ‘ரோட்ஸ்டர்’ என்பதில் கதவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கத் திரைகளை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ‘கன்வர்ட்டிபிள்’ என்பதில் ஏறி இறங்கும் கண்ணாடியும், பின்புறம் மடிந்து படியும் கூரையும் இருக்கும். விற்பவர் பலரும் இரண்டையும் ஒன்றாகவே கூறுவர். வாங்குபவர் கதவைத் திறந்து பார்த்தாலே உண்மை விளங்கும்.

போருக்குப் பின் பிறந்த புகழ்

எம்.ஜி. என்பது ‘மாரிஸ் கராஜஸ்’ என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் மேலாளராக இருந்தவர் செசில் கிம்பர். அவர் 1920-களில் மாரிஸ் கார்களின் அடிச்சட்டத்தின் மேல் இலேசான உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். வரவேற்பு மிகுந்தது, 1929-இல் தொழில் அபிங்டன் என்னும் சிற்றூருக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் அங்கிருந்து வெளிவந்த எம்.ஜி. டி.சி. என்னும் சிறு காரே உலகப் புகழுக்கு வித்திட்டது. 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள் செய்யப்பட்டன. பிரிட்டனில் தங்கியிருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் இவ்வகைக் கார்களிடம் காதல் கொண்டு தம் நாட்டில் அவற்றின் பெருமையைப் பரப்பினர்.

போரினால் பிரிட்டன் கடனாளியாயிற்று. அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. பொருள்களை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே எஃகு ஒதுக்கீட்டில் முதலிடம் என்று அரசினர் வகுத்தனர். ஆகவே பிரிட்டிஷ் மக்கள் தம் நாட்டுக் காரைப் பெறக் காத்துக்கிடக்க, கார்களோ கப்பலேறி அமெரிக்கா சென்றன. 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. கார்கள் 1,00,000-க்கும் மேல். அவற்றுள் மிகப் பெரும்பகுதி அயல்நாடுகளுக்கே சென்றது. வேளாளன் நெல்லை விற்றுக் கஞ்சி குடிக்கும் நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்!

இவ்வரிசையில் மணிமுடி எனத்தக்கது ஜாகுவார் எக்ஸ்.கே. 120. போர்க்காலத்தில் கவென்ட்ரி நகரத் தொழிற்சாலையில் குண்டுவீச்சிற்கு அஞ்சித் தீக்காவல் புரிந்த இரவுகளில், வில்லியம் லயன்ஸும் அவர்தம் பொறியாளர்களும் கூடிப் பேசி உருவாக்கியதே அதன் என்ஜின். 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 160 குதிரைத் திறனும் உடையது. 1948-இல் லண்டன் மோட்டார்க் காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. மணிக்கு 120 மைல் வேகம் என்பதே அதன் பெயருக்குக் காரணம். ஐயுற்றவர் பலர். 1949-இல் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில் அக்கார் மணிக்கு 132 மைலைத் தாண்டி ஓடவே, ஐயுற்றோர் வாயடைத்துப் போயினர். 1954 வரை ஏறத்தாழ 12,000 கார்களே செய்யப்பட்டன. அந்த ஜாகுவார் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு டாட்டா குழுமத்தின் உடைமையாயிற்று. கவென்ட்ரியில் பிறந்த பெயருக்கு இன்று நம் கோட்டைப் பகுதியிலுள்ள பம்பாய் ஹவுஸிலிருந்து ஆணை செல்கிறது என்பது காலத்தின் சுழற்சி.

ஓர் என்ஜின், மூன்று வாழ்வு

மூன்றாவதாக நிற்பது டிரையம்ப். நமக்கு மிகவும் நெருங்கிய உறவு இதனோடுதான். கவென்ட்ரி குண்டுவீச்சில் சிதைந்து நலிந்த டிரையம்ப் நிறுவனத்தை 1944-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஸ்டாண்டர்டு அப்பொழுது ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனமன்று. வான்கார்டு என்னும் குடும்பக் காரையும், ஃபெர்குஸன் டிராக்டரையும் செய்து தருவதே அதன் பெருந்தொழிலாக இருந்தது. இவ்விரண்டிற்கும் ஒரே குடும்பத்து என்ஜின். வயலை உழுத அந்த என்ஜினையே சற்றே கொள்ளளவு குறைத்து 1,991 கன சென்டிமீட்டராக்கி, 1953-இல் டிரையம்ப் டி.ஆர். 2 என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினர். அதே ஜபெக் சாலையில் அது மணிக்கு 124 மைல் ஓடியது. ஏர் உழுத எருதே தேர் இழுத்துப் பரிசு பெற்றாற்போன்ற நிகழ்ச்சி இது.

அவ்வென்ஜினின் சிலிண்டர்களுக்குள் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்க உறைகள் இருந்தமையே இம்மாற்றத்திற்கு இடந்தந்தது. தேய்ந்த உறையை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் என்ஜின் மீண்டும் இளமை பெறும். உழவனுக்காக எண்ணிச் செய்த எளிமை பந்தயக்காரனுக்கும் பயன்பட்டது. இவ்வென்ஜினின் மூன்றாம் வாழ்வு நம் சென்னையில் நிகழ்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பம்பாய்த் துறையும் நம் ரயில் பாதையும்

நிற்க. இத்தகைய கார்கள் இந்தியாவில் ஏன் அரிதாயின என்பதை நோக்குவோம். விடுதலைக்கு முன் பம்பாய்த் துறைமுகத்தில் அயல்நாட்டுக் கார்கள் தடையின்றி இறங்கின. சிவ்ரியில் 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் பகுதிகளை வரவழைத்துக் காராகக் கூட்டி விற்றனர். விடுதலைக்குப் பின், நாட்டிலேயே காரைச் செய்ய வேண்டும், வெறுமனே கூட்டித் தருதல் போதாது என்பது அரசின் கொள்கையாயிற்று. முழுக் கார்களின் இறக்குமதி ஒடுக்கப்பட்டது. படிப்படியாக உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே நிலைக்கலாம் என்று 1953-இல் சுங்கவரிக் குழு பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் கடையைக் கட்டியது.

அதன்பின் சீமை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டுமெனின், முன்னரே வந்திருந்ததை வாங்க வேண்டும். அன்றேல் தூதரகத்தார் விட்டுச் சென்ற பழைய கார்களை அரசு வாணிபக் கழகத்தின் வழியே ஏலத்தில் எடுக்க வேண்டும். மன்னர் குடும்பத்தாரும் திரைப்பட நடிகரும் செல்வருமே இதற்கு இயன்றவர். இங்குள்ள திறந்த சீமைக் கார்களின் அருமைக்கு இதுவே காரணம்.

இனி நம் ரயில் பாதையைப் பாருங்கள். காட்கோபரிலிருந்து தெற்கே இரண்டாவது நிலையம் குர்லா. அங்கே வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், முதலில் அமெரிக்க டாட்ஜ் கார்களையும், 1950-களில் இத்தாலிய ஃபியட் கார்களையும் செய்தது. பின்னாளில் ‘பத்மினி’ என்று பெயர் பூண்டு இந்நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடியது அந்த ஃபியட்டே. நம்மவர் எத்தனையோ பேர் அதனை ஓட்டிக் குடும்பத்தைக் காத்தனர். 2023 அக்டோபர் இறுதியோடு அது டாக்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. காட்கோபருக்கு வடக்கே பாண்டுப்பில், பிரிட்டனின் ரூட்ஸ் குழுவினர் 1949-இல் தொடங்கிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் பின்னர்ச் சென்னை எம்.ஏ. சிதம்பரம் அவர்களின் குழுமத்தின் கைக்கு வந்தது. லாம்பிரெட்டா ஸ்கூட்டர் அங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடியது. இவ்விரு இடங்களிலும் இன்று அவ்வண்டிகள் செய்யப்படுவதில்லை.

வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

சென்னையில் யூனியன் கம்பெனியார் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு நிறுவனத்துடன் கூடி ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவை அமைத்தனர். வண்டலூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வான்கார்டு, பின்னர்ச் சிறிய ஸ்டாண்டர்டு கார்கள், 1961 முதல் ஹெரால்டு என வரிசையாக வந்தன.

ஹெரால்டு பிறந்த கதை சுவையுடையது. 1950-களில் கார் உலகம் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாய் வார்த்தாற்போன்ற புதிய முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அத்தகைய பெரிய உடல்களைச் செய்து தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் நிறுவனத்தை, 1953-இல் ஸ்டாண்டர்டின் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. உடல் செய்து தருவார் இல்லாத நிலையில், ஸ்டாண்டர்டின் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய முறைக்கே திரும்பினார். தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, அதன்மேல் உடலைப் பல துண்டுகளாகச் செய்து போல்ட்டுகளால் பூட்டுவது என்பது ஏற்பாடு. தோற்றத்தை வரைந்து தந்தவர் இத்தாலியின் டூரின் நகரக் கலைஞர் ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் ஹெரால்டு பிரிட்டனில் வெளியாயிற்று. 1960-இல் அதன் கன்வர்ட்டிபிள் வந்தது. இடர் வந்தபோது கைக்கொண்ட வழியே அக்காருக்குத் தனிச் சிறப்பாயிற்று.

முன்புறத்து மூடி சக்கர மறைப்புகளோடு சேர்ந்து முழுதுமாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் அமர்ந்துகொண்டே பழுது பார்க்கலாம். 25 அடி அகலத்தில் கார் முழுவட்டம் திரும்பும். எல்லாவற்றினும் மேலாக, கூரையும் போல்ட்டுகளால் பூட்டப்பட்டதே, கழற்றினால் கழன்றுவிடும். எடையைத் தாங்குவது அடிச்சட்டமாதலின், கூரை நீங்கினாலும் கார் முதுகொடிந்து போவதில்லை. குர்லாவில் செய்த ஃபியட்டின் நிலை வேறு. அதில் கூரையும் எலும்புக்கூட்டின் பகுதி. அதனை அறுத்தால் நடுத்தளம் தளர்ந்து, நாளடைவில் கதவும் பொருந்தாமற் போகும்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த இருவர் அமரும் திறந்த உடலை ஏற்றியதே 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதன் பெயர் உலகப் போரில் புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயர். ஆகவே, ஸ்பிட்ஃபயர் சீமையில் ஓடிய நாளில், அதன் உடன்பிறப்பான ஹெரால்டு வண்டலூரில் நம் தொழிலாளர் கைகளில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் பகுதிகள் பலவும் கப்பலில் வந்தன. ஆண்டுதோறும் உள்நாட்டுப் பகுதிகளின் அளவு உயர்ந்தது. 1968 அளவில் பிரிட்டனிலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் உருவாக்கப்பட்டது. பிரிட்டன் 1971-இல் ஹெரால்டை நிறுத்தியது. நாமோ ‘கெஸல்’ என்று பெயர் சூட்டி 1972 முதல் 1977 வரை அதன் வழித்தோன்றலைச் செய்தோம். சோழவரத்துப் பழைய விமானத் திடலில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டு ஓடியதைக் கண்ட முதியோர் இன்றும் உளர்.

என்ஜினின் மூன்றாம் வாழ்வைக் கூறுவதாகச் சொன்னோம். 1985-இல் வண்டலூரிலிருந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெரிய கார் வந்தது. உடல் பிரிட்டனின் புதுப்பாணி ரோவர். உள்ளே இருந்ததோ டி.ஆர். 2-க்கு உயிர் தந்த அதே 1,991 கன சென்டிமீட்டர் குடும்பத்துப் பழைய என்ஜின். பட்டு உடுத்திய கிழவரை ஓட்டப் பந்தயத்திற்கு அனுப்பியதை ஒத்தது. மாருதியும் ஜப்பானிய முறையும் வந்துவிட்ட காலத்தில் அது நிலைக்கவில்லை; சில ஆண்டுகளில் தொழிற்சாலையும் ஓய்ந்தது. பிரிட்டனிலும் இதே வீழ்ச்சிதான். அபிங்டன் தொழிற்சாலையும் ஸ்பிட்ஃபயர் உற்பத்தியும் 1980-இல் முடிவுற்றன. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், சிறிய இலேசான திறந்த காரை மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் பெயரில் உலகிற்கு மீட்டுத் தந்தவர் ஜப்பானியர்.

வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியது

மேற்கூறிய சிறப்பே இன்று ஒரு வஞ்சனைக்கும் இடந்தருகிறது. கூரை கழலும் ஹெரால்டைக் கூரை கழற்றிக் கித்தான் பொருத்தி, “அரிய சீமைக் கன்வர்ட்டிபிள்” என்று விலை கூறுதல் எளிது. காற்று வாங்கிக்கொண்டு உலாவ மட்டுமே விரும்புவார்க்கு அதனால் கேடில்லை. உண்மையைச் சொல்லி விற்பின் குற்றமும் இல்லை. உண்மையை மறைத்து விற்பதே குற்றம்.

நாம் பணிபுரிவது ரயில்வே பார்சல் அலுவலகத்தில். மோட்டார் சைக்கிள் ஒன்றை அனுப்ப வந்தால், பெட்ரோலை வடிக்கச் செய்து, பதிவுப் புத்தக நகலைப் பெற்று, கோணி சுற்றியபின், ரசீதில் உள்ள எண்ணும் பொருளின் மேல் எழுதிய எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே வண்டியில் ஏற்றுவோம். பழைய கார் வாங்குவோர் செய்ய வேண்டியதும் அதுவே. பதிவுப் புத்தகத்தில் உள்ள அடிச்சட்ட எண், என்ஜின் எண் ஆகியவை காரில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். பிரிட்டனில் செய்த டிரையம்ப் கார்களில் ‘கமிஷன் எண்’ தகடு இருக்கும். அவ்வெண்ணின் இறுதியில் உள்ள எழுத்துகள் அது எவ்வகை உடலோடு பிறந்தது என்பதைக் கூறும். எம்.ஜி., டிரையம்ப் போன்றவற்றின் உற்பத்திப் பதிவேடுகள் பிரிட்டனில் கேடன் என்னுமிடத்திலுள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. எழுதிக் கேட்டுக் கட்டணம் செலுத்தினால் சான்றிதழ் தருவர்.

சட்டமும் இதனைக் கருதியே வகுக்கப்பட்டுள்ளது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு கூடிய எண் கிடைக்கும். புதுப் பதிவிற்குக் கட்டணம் ரூ. 20,000, சான்று 10 ஆண்டுகள் செல்லும், மறுபதிவிற்கு ரூ. 5,000. நாள்தோறும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. காட்சிக்கும் அணிவகுப்பிற்கும் பழுதுபார்ப்பிற்கும் கொண்டு செல்லலாம். இவற்றினும் முதன்மையான நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி பிறந்த வடிவிலேயே இருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெருமாற்றம் செய்திருத்தல் ஆகாது. ஆகவே, அழகு கருதி கூரையை அறுத்தவர், அக்காரைப் பழம்பெரும் வண்டியாகப் பதியும் தகுதியையும் உடன் அறுத்தவர் ஆகலாம்.

நம் ஊர்களில், திருநெல்வேலியிலோ மதுரையிலோ, பாட்டனார் வாங்கிய ஹெரால்டு ஒன்று வைக்கோற் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். “இரும்பு விலைக்குக் கொடுங்கள்” என்று தரகர் வருவார். தரகரை நம்பிக் கொடுத்துவிடாமல், முதலில் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கூரையைக் கழற்றவோ தகடுகளைப் பிடுங்கவோ விடாதீர்கள். அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். கோவைக்குச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளோடு கண்டுவருதல் நலம். பழங்காரைக் காத்தல் எத்தகைய கல்வி என்பது அங்கே விளங்கும்.

காக்க வேண்டிய மற்றொன்று

காரைக் காப்பவர் உளர். அதனைச் செய்தவர் பெயரைக் காப்பவர் யார்? வரைந்த மிக்கெலோட்டியின் பெயரும், பொறியமைத்த வெப்ஸ்டரின் பெயரும் நூல்களில் உள்ளன. வண்டலூரில் கதவைப் பொருத்தியவர், குர்லாவில் வண்ணம் அடித்தவர், பாண்டுப்பில் என்ஜினைச் சோதித்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. ஓய்வு பெற்ற அத்தொழிலாளருள் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். பழங்காரின் நெளிந்த தகட்டை இன்றும் சுத்தியலால் தட்டி நேராக்கி, கிடைக்காத உதிரிப் பாகத்தைக் கடைசலில் கடைந்து தரும் கைவினைஞருள்ளும் நம்மவர் உளர். ஏலத்தில் இலட்சக்கணக்கில் விலைபோகும் காரின் பளபளப்பில் பாதி அவர்களின் வியர்வையே.

ஆகையால் நம் சங்க அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. மோட்டார்த் தொழிலில் உழைத்த முதியோர் உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ இருப்பின், ஒரு மாலைப்பொழுது அவர்களோடு அமருங்கள். அவர்கள் எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், எந்த மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்தனர் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் புகைப்படம் இருப்பின், அதிலுள்ளோர் பெயர்களைப் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடச் சங்கத்தார் முன்வருவரேல், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.